சீசருக்குப் பிறந்தநாள்... கேக்கை நீங்களே செய்யுங்கள்!

"பெரியம்மா, ஞாயித்துக்கிழமை சீசருக்குப் பொறந்தநாள். கேக் வெட்டறோம். நீங்க கண்டிப்பா வரணும்!"

2023 மே மாதம் போனில் இப்படிக் கூப்பிட்டவள் என் தங்கை மகள். சீசர் யார் என்று கேட்கிறீர்களா? அவள் வளர்க்கும் லாப்ரடார் நாய். அப்போது மூன்று வயது முடிகிற நேரம். எடை 30 கிலோ.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டு நாய்க்குப் பழைய சோறுதான் விருந்து. கொல்லைப்புறம்தான் அதற்கு வீடு. இன்று நாய் ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பல வீடுகளில் 'சாப்பிட்டியா?' என்று கேட்பதற்கு இருக்கிற ஒரே ஜீவன் அதுதான். அதற்கு ஒரு பிறந்தநாள் கொண்டாடினால் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.

ஆனால், சிரித்து முடித்தவுடன் நான் கேட்ட கேள்வி இதுதான்: "கேக்ல என்னென்ன போடுவாங்க?"

"தெரியலையே பெரியம்மா. கடையில சொல்லிடலாம்னு இருக்கேன்."

"வேணாம்டி. நானே செஞ்சு எடுத்துட்டு வரேன்."

ஒரு சித்த மருத்துவர் நாய்க்குக் கேக் செய்யக் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நூறு கிராம் திராட்சை

அதற்கு முந்தைய டிசம்பரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். என் கைப்பையில் எப்போதும் உலர்ந்த திராட்சைப் பொட்டலம் ஒன்று இருக்கும். மலச்சிக்கல், ரத்தக்குறைவு என்று வருகிற பெண்களுக்கு ராத்திரி ஊறவைத்துக் காலையில் சாப்பிடச் சொல்வேன். குழந்தைகள் வந்தால் கையில் நாலு கொடுப்பேன். அன்றைக்கு சீசர் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் முழங்காலில் மோவாயை வைத்தான். அவனுக்கும் நாலு கொடுத்தேன். திராட்சைதானே! மருந்துக்கு மருந்து, தின்பண்டத்துக்குத் தின்பண்டம்.

பொட்டலத்தை மேஜை மேல் வைத்துவிட்டு நாங்கள் பேசப் போய்விட்டோம். திரும்பி வந்தால் காகிதம் மட்டும்தான் கிடந்தது. நூறு கிராம் திராட்சையும் சீசர் வயிற்றில். "போனால் போகட்டும், வயிறு சுத்தமாகும்" என்று சொன்னவளும் நான்தான்!

ராத்திரி பதினோரு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. விடியற்காலைக்குள் நாலைந்து முறை. நாய் துவண்டு படுத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் "உப்புத் தண்ணி கொடுங்க, எல்லாம் வெளிய வந்துடும்" என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை. தயவுசெய்து நீங்களும் கொடுக்காதீர்கள். நாய்க்கு உப்பைக் கரைத்துப் புகட்டினால் ரத்தத்தில் சோடியம் தாறுமாறாக ஏறி, மூளை வீங்கி வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். அதுவும் தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் அதில் முழுப் பலன்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டுச்சு?" நான் திராட்சை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் பார்த்தார்கள். இரண்டு நாள் விடாமல் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று என் தங்கை மகள் மணிக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சீசர் பிழைத்துக்கொண்டான்.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்துவிடும். சில நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. எந்த நாய்க்கு ஆகும், எத்தனை பழத்தில் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே ஒன்றுகூடக் கொடுக்காமல் இருப்பதே முறை. 2021-ல் அமெரிக்காவில் விலங்குகளுக்கான விஷமுறிவு ஆலோசனை தரும் கால்நடை மருத்துவர்கள் ஒரு துப்பு கண்டுபிடித்தார்கள். கேக் சாமான்களில் ஒன்றான 'க்ரீம் ஆஃப் டார்ட்டர்' கலந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டுப்போனது. இரண்டிலும் பொதுவாக இருப்பது டார்டாரிக் அமிலம். குற்றவாளி அதுதானோ என்று அவர்கள் கருதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டார்டாரிக் அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் சமையலறை ஜாடியில் இருக்கிறதே... புளி! ஆமாம், புளி தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு வந்ததை 2022-ல் வெளியான கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். மிச்சமான புளியோதரையை 'வீணாப் போகுதே' என்று நாய்த் தட்டில் கொட்டுகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

நமக்கு மருந்து, அதற்கு?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தது மனித உடம்பை. உணவும் மருந்தும் வேறு வேறு இல்லை என்பது எங்கள் படிப்பின் அஸ்திவாரம். மாடுகளுக்கென்று 'மாட்டு வாகடம்' என்ற பழைய நூல்கூட இருக்கிறது. ஆனால் மனிதருக்குச் சொன்னதை அப்படியே நாய்க்கு மாற்றிப் போடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே போட்டுக்கொண்ட கணக்கு அது. பூண்டு, வெங்காயம் இரண்டையும் எத்தனை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்! நாய்க்கு அவை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. தூக்கம் வர ஒரு சிட்டிகை பாலில் போடச் சொல்வோமே, ஜாதிக்காய்... அதுவும் அளவு மீறினால் நாய்க்குப் படபடப்பு, தடுமாற்றம்.

கேக் என்றால் முதலில் பயப்படவேண்டியது சாக்லேட். அதில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருளை நம் ஈரல் சீக்கிரம் கழித்துக்கட்டிவிடும். நாய்க்கு அதில் பாதி வெளியேறவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அதுவரை இதயத்தையும் நரம்பையும் அது விரட்டிக்கொண்டே இருக்கும். பால் சாக்லேட்டைவிடக் கறுப்புச் சாக்லேட் மோசம். கோகோ தூள் எல்லாவற்றையும்விட மோசம். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஏழெட்டு கிராம் கோகோ தூளே வாந்தி, பேதி, பரபரப்பைக் கொண்டுவரப் போதும்.

அடுத்தது சைலிட்டால். இது ஒரு 'சுகர் ஃப்ரீ' இனிப்பு. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் "நாய்க்கும் நல்லதுதானே" என்று இதைச் சேர்த்துவிடும் ஆபத்து உண்டு. நாயின் கணையம் இதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய் நாய் மயங்கி விழலாம். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் போதும். அளவு கூடினால் ஈரலும் போகும். சூயிங்கத்திலும், சில கடை வேர்க்கடலை வெண்ணெயிலும் இது இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். படிக்க முடியாத அளவு பொடி எழுத்தாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

செய்து பார்ப்போமா?

கீழே உள்ள அளவை சீசருக்கு வைத்தியம் பார்த்த அதே மருத்துவரிடம் காட்டி, "தாராளமாகக் கொடுங்கள்" என்று அவர் சொன்ன பிறகே செய்தேன். 12 சின்ன கப் கேக் வரும்.

கோதுமை மாவு ஒரு கப், அதாவது 120 கிராம். தோல், விதை நீக்கி வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அரை கப். முட்டை ஒன்று. புளிக்காத தயிர் கால் கப். வேர்க்கடலை விழுது இரண்டு மேஜைக்கரண்டி. தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. சமையல் சோடா கால் தேக்கரண்டி. அவ்வளவுதான். சர்க்கரை இல்லை, வெல்லம் இல்லை, உப்பு இல்லை, எசென்ஸ் இல்லை.

"இனிப்பில்லாம கேக்கா?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். நாய்க்கு இனிப்புச் சுவை தெரியும், பூனைக்குத்தான் தெரியாது. ஆனால் பரங்கிக்காயில் இருக்கும் இனிப்பே அதற்கு ஏகப்பட்டது.

வேர்க்கடலை விழுதைக் கடையில் வாங்க வேண்டாம். கடலையை வறுத்துத் தோலைப் புடைத்து, மிக்ஸியில் எண்ணெய் விடும்வரை அரைத்தால் முடிந்தது. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாசனை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்லாடாக்சின் நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். நமக்கும் அது நல்லதல்ல.

பேக்கிங் பவுடர் வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம், சிலவற்றில் நான் மேலே சொன்ன க்ரீம் ஆஃப் டார்ட்டர் இருக்கும். சோடாவும் தயிரும் சேர்ந்தாலே மாவு பொங்கிவிடும். முட்டையை நுரைக்க அடித்து, மற்றதையெல்லாம் சேர்த்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் கொஞ்சம் தண்ணீர். கலக்கியவுடன் வேகவைக்க வேண்டும். காத்திருந்தால் பொங்கியது அமுங்கிவிடும்.

ஓவன் இருந்தால் 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். இல்லாவிட்டால் என்ன? நம் இட்லிப் பானை இருக்கிறதே! சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் எண்ணெய் தடவி, முக்கால் அளவு ஊற்றி, பானையில் 15 நிமிடம் ஆவியில் வைத்தால் பஞ்சு மாதிரி வரும். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். குச்சியை உடனே குப்பையில் போட்டுவிடுங்கள். கேக் வாசனை ஏறிய குச்சியை நாய் சும்மா விடாது. கடைகளில் கிடைக்கும் காகிதக் கப்பும் வேண்டாம். அதை உரித்துவிட்டுத் தின்னும் பொறுமை எந்த நாய்க்கு இருக்கிறது?

கோதுமை ஒத்துக்கொள்ளாமல் சொறிகிற நாய்கள் உண்டு. அவற்றுக்குக் கேழ்வரகு மாவு போடலாம். கொஞ்சம் உதிரும், பரவாயில்லை. முன்பு சாப்பிட்டிராத நாய்க்கு இரண்டு நாள் முன்பே ஒரு துண்டு கொடுத்து, மலம் இளகுகிறதா என்று பாருங்கள். சிறுநீரகம், கணையம், சர்க்கரை என்று ஏற்கெனவே வைத்தியத்தில் இருக்கும் நாய்க்கு இந்தக் கேக்கும் வேண்டாம்.

மேலே பூச...

கேக்குக்கு அழகே மேல்பூச்சுதான். ஆனால் கடை ஐசிங் என்பது பெரும்பாலும் வெண்ணெயும் சர்க்கரைத் தூளும். இவ்வளவு கொழுப்பு ஒரே நேரத்தில் உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணைய அழற்சி வந்துவிடும். முதுகை வளைத்துக்கொண்டு, வயிற்றைத் தொடவிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளைக்கருவை நுரைத்துப் பூசும் ஐசிங்கில் நுரை நிற்பதற்கு மறுபடியும் அதே க்ரீம் ஆஃப் டார்ட்டர்!

தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டின் மேல் வைத்து, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வெண்ணெய் போல் திரண்டிருக்கும். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் சரியாகச் செரிக்காது. தயிரில் அந்தத் தொல்லை குறைவு. வடிகிற நீரோடு பால் சர்க்கரை இன்னும் கொஞ்சம் போய்விடும்.

இதை மட்டும் பூசினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சென்னை வெயிலில் நிற்காது. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மாம்பலம் டு கூடுவாஞ்சேரி

என் வீடு மாம்பலத்தில். தங்கை மகள் வீடு கூடுவாஞ்சேரியில். அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு கேக்குக்கும் தயிர்ப் பூச்சு பூசி, பீட்ரூட் சாற்றால் சிவப்புப் பொட்டு வைத்து, பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினேன். மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கத்திரி வெயில். "டப்பாவில் என்னங்க, அதிரசமா?" என்று பக்கத்து அம்மாள் கேட்டார். நாய்க்குக் கேக் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

போய்த் திறந்தால், பூச்சு பாதி மூடியில், பாதி டப்பாவின் மூலையில். கேக்குகள் மொட்டையாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. குழந்தைகள் முகம் வாடிவிட்டது. சீசருக்கு மட்டும் வருத்தமே இல்லை. மூடியை நக்கித் துடைத்துக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வருஷத்திலிருந்து முறையை மாற்றிவிட்டேன். முதலில், பூச்சில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்க்கிறேன். 200 கிராம் கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து, கட்டியில்லாமல் மசித்து ஆறவிட்டு, மூன்று மேஜைக்கரண்டி வடித்த தயிரைச் சேர்த்துக் குழைத்தால் போதும். கிழங்கின் மாவு பிடித்துக்கொள்வதால் உருகி ஓடாது. கைக்கும் நன்றாக வளையும்.

இரண்டாவது, பூசிவிட்டு எடுத்துப் போவதில்லை. கேக் தனி, பூச்சு தனி. கேக் நன்றாக ஆறிய பிறகே மூடவேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி கோத்து, சொட்டி, மேல்புறம் பிசுபிசுவென்று ஆகிவிடும். பூச்சைத் தடிமனான சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு மூலையைக் கத்தரித்துப் பிழிந்தால், முறுக்குப் பிழிகிற கைகளுக்கு அது பெரிய வித்தையா என்ன? பன்னிரண்டும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கத்தரித்த மூலையையும் காலிக் கவரையும் மட்டும் நாய் வாய்க்கு எட்டாமல் போட்டுவிடுங்கள்.

ஆட்டம் காணாமல் போக இட்லித் தட்டைவிட நல்ல சாமான் இல்லை. ஒவ்வொரு குழியிலும் ஒரு கேக் உட்கார்ந்துகொள்ளும், சரியாது. காரில் போகிறவர்கள், பூசிய கேக்கைத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், நடுவில் ஒரு தட்டை விட்டுவிட்டு அடுக்குங்கள். மேல் தட்டு பூச்சில் இடிக்காது. பூச்சு மூடியில் ஒட்டாமல் இருக்கப் பல் குத்தும் குச்சி நடும் பழக்கம் சிலருக்கு உண்டு. நாய்க் கேக்கில் அது கூடவே கூடாது. ஒரு குச்சி உள்ளே போனால் குடலைக் கிழித்துவிடும். பாத்திரத்தைச் சீட்டில் வைக்காதீர்கள், பிரேக் போட்டால் கவிழும். கீழே, கால் வைக்கும் இடத்தில், ஈரத் துண்டு விரித்து அதன்மேல் வையுங்கள்.

குளிர்ச்சிக்கு ஐஸ் பெட்டி வாங்கவேண்டும் என்றில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி, முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் போட்டு, துண்டில் சுற்றித் தெர்மகோல் பெட்டியில் பூச்சுக் கவரோடு வைத்தால் இரண்டு மணி நேரப் பயணம் தாங்கும். இல்லாவிட்டால் மே மாத வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்த முட்டை, தயிர்ப் பண்டத்தை நாய்க்கும் கொடுக்காதீர்கள். 'நாய்தானே, அதுக்கு ஒண்ணும் ஆகாது' என்று நாம் நினைப்பதில் பாதி நம்முடைய சோம்பேறித்தனம்.

எத்தனை கொடுக்கலாம்?

பூச்சோடு சேர்த்து ஒரு கேக் சுமார் 80 கலோரி. தின்பண்டமாகக் கொடுப்பது ஒரு நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதன்படி சீசர் மாதிரி 30 கிலோ நாய்க்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. 10 கிலோ நாய்க்கு முக்கால். நாலு கிலோ பொமரேனியனுக்கு மூன்றில் ஒரு பங்குதான். அன்றைக்கு வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு நாய்களையும் அழைத்திருந்தால் ஒரே தட்டில் போட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். தின்பண்டத்துக்கு முன்னால் சாது நாயும் உறுமும். நடுவில் குழந்தையின் கை போனால் கடி விழுவது அந்தக் கைக்குத்தான். சங்கிலியில் பிடித்து, தள்ளித் தள்ளி நிறுத்தி, பெரியவர்களே கொடுக்கட்டும். மெழுகுவர்த்தியை ஏற்றிப் பாடி முடித்ததும் எடுத்துவிட்டுத்தான் கேக்கைக் கீழே வைக்கவேண்டும்.

மிச்சமானால் பூச்சு இல்லாத கேக் ஃப்ரீசரில் ஒரு மாதம் இருக்கும். பூசியதை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். எங்கள் தெரு முனையில் நாலு நாய்கள் இருப்பதால், எனக்கு மிச்சம் என்ற பேச்சே இல்லை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு மே மாதமும் இட்லித் தட்டோடு கூடுவாஞ்சேரிக்குப் போகிறேன். ரயிலில் யாராவது கேட்டால் நாய்க்குக் கேக் என்றே சொல்கிறேன். சீசர் தன் பங்கை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு நேராக வந்து என் கைப்பையை முகர்ந்து பார்ப்பான். திராட்சைப் பொட்டலத்தை அந்த வீட்டுக்கு நான் எடுத்துப் போவதே இல்லை.